நீங்கள் பார்த்த சொறி வேறு, உங்களைக் கொட்டியது வேறு

திசையன்விளையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், நான் சுருக்கித் தருகிறேன்.

போன மாதம் உவரியில் மாமா வீட்டுக்குப் போனவர், மாமா மகனோடு பைபர் படகில் கரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாறைக்குப் போய், யாரிடமோ இரவல் வாங்கின மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். இரண்டு ஆள் ஆழம், நல்ல தெளிவு. பாறை ஓரமாகச் சோற்றுத்தட்டு அகலத்தில் ஒரு சொறி, அதாவது ஜெல்லி மீன், மெதுவாகத் துடித்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே பால் வெள்ளையில் லேசான நீலம், அடியில் தடித்த கைகளாக ஒரு கொத்து, கொத்தின் நுனிகள் பழுப்பு. போனை ஒரு வாட்டர்புரூஃப் பையில் போட்டு வைத்திருந்ததால் மூன்று போட்டோ எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வலது முன்கையில் சுரீரென்று எரிந்திருக்கிறது. பார்த்தால் ஒரு நீல நூல் ஒட்டியிருந்ததாம், கையாலேயே உருவிப் போட்டிருக்கிறார். படகில் ஏறியதும் சிவப்புக் கோடு தடித்துவிட்டது, அக்குள் வேறு வலித்தது. கரையில் மாமா ஈர மண்ணை அள்ளித் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"அக்கா, இது என்ன சொறி? போனில் போட்டோவைப் போட்டுத் தேடினால் ரைசோஸ்டோமா பல்மோ என்று காட்டுகிறது. என் நண்பன் இது பாக்ஸ் ஜெல்லி, ஆளைக் கொன்றுவிடும் என்கிறான். மாமா இது முன்னால் இங்கே கிடையாது, கூடங்குளத்துச் சுடுதண்ணீர்தான் கொண்டுவந்தது என்கிறார். எது சரி? வருகிற ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே இடத்தில் குளிக்கலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுவோம். நீங்கள் போட்டோ எடுத்த சொறி உங்களைக் கொட்டவில்லை. கொட்டியது வேறொன்று, அதை நீங்கள் பார்க்கவே இல்லை. இரண்டையும் ஒரே உயிராக நினைத்துக்கொண்டு தேடியதால்தான் போன் ஒன்று சொல்ல, நண்பன் ஒன்று சொல்ல, எதுவும் பொருந்தாமல் நிற்கிறீர்கள். சொறியை அடையாளம் காணக் கேட்டு வருகிற கடிதங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், ஏனென்றால் எரிச்சல் வந்ததும் கண்ணில் பட்டதன் மேல்தான் பழி போகும்.

சரி, போட்டோவுக்கு வருவோம். இரண்டாவது படம்தான் எனக்கு உதவியது. முதல் படம் நிறத்தை அழகாகக் காட்டுகிறது, ஆனால் நிறத்தை வைத்துச் சொறிக்குப் பெயர் வைக்க முடியாது. ஒரே இனத்தில் வெள்ளையும் இருக்கும், நீலம் பூசினதும் இருக்கும், செம்பழுப்பும் இருக்கும். அதோடு தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் குடித்துவிடும், இரண்டு ஆள் ஆழத்தில் பழுப்பாகத் தெரிவது மேலே கொண்டுவந்தால் நல்ல சிவப்பாகக்கூட இருக்கலாம். அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றும். உங்கள் சோற்றுத்தட்டில் கால் பங்கைக் கழித்துவிட்டால் ஒரு சாண் அகலம் வரும். அது எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டாவது படம் பக்கவாட்டில் எடுத்தது. அதில் குடையின் விளிம்பைப் பாருங்கள், பெரிதாக்கியே பாருங்கள். விளிம்பிலிருந்து ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. சின்னச் சின்ன மடல்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, கீழே வெறும் தண்ணீர். ஒரு சொறியைப் பார்த்ததும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், விளிம்பில் இழை உண்டா இல்லையா. இழை உண்டென்றால் ஒரு பெரிய கூட்டம், இல்லையென்றால் இன்னொரு கூட்டம், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். இழை இல்லாமல், குடைக்கு அடியில் தடித்த எட்டுக் கைகள் கொத்தாகத் தொங்கினால் அது ரைசோஸ்டோம் என்ற வரிசையைச் சேர்ந்தது. இவற்றுக்கு நடுவில் பெரிய வாய் கிடையாது. அந்தக் கைகளின் சுருக்கம் சுருக்கமான ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான வாய்த் துளைகள் இருக்கும், மிதக்கும் நுண்ணுயிர்களை அவற்றின் வழியே இழுத்துச் சாப்பிடும். உங்கள் போன் சொன்ன ரைசோஸ்டோமா பல்மோவும் இதே வரிசைதான், அந்த அளவுக்குப் போன் தப்புச் சொல்லவில்லை. ஆனால் அது மத்தியதரைக் கடல், கருங்கடல், ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரைப் பக்கம் வாழ்வது. ஐரோப்பாவில் அதைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் ஏராளம், நம் கடல் சொறியைப் படம் எடுக்கிறவர்கள் கொஞ்சம். மென்பொருள் தனக்குத் தெரிந்த முகத்தைத்தானே சொல்லும்.

இனி இந்த வரிசைக்குள் எது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கடலில் கிடைப்பவை சில இருக்கின்றன, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரலாம். குடையின் மேல்பக்கம் சொரசொரவென்று சின்னச் சின்னக் கூர்ப் புடைப்புகள் நிறைந்திருந்தால் ரோபிலேமா ஹிஸ்பிடம் என்று நினைப்பேன், அது இதைவிட ரொம்பப் பெரிதாகவும் வளரும். உங்கள் முதல் படத்தில் குடை வழுவழுவென்று வெளிச்சம் பட்டு மின்னுகிறது, அதனால் அது இல்லை. கைகளின் நடுவிலிருந்து நீளமான சாட்டை இழைகள் தொங்கினால் லிக்னோரைசா அல்லது அக்ரோமிட்டஸ் பக்கம் யோசிப்பேன். அக்ரோமிட்டஸ் கழிமுகங்களில் கிடைக்கும் சின்ன வகை, குடையில் புள்ளிகளும் இருக்கும். உங்கள் படத்தில் சாட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. குடையின் உச்சியில் முடிச்சு முடிச்சாகக் கும்பம் எழும்பியிருந்தால் அது செஃபியா குடும்பம், உங்களுடையது சீரான வளைவு. தரையில் மல்லாக்கப் படுத்து, கைகளை மேலே காட்டிக்கொண்டு துடிக்கும் கேசியோபியாவும் இல்லை, இது ஒழுங்காக நீந்திப் போயிருக்கிறது.

கடைசியில் மிஞ்சுவது க்ராம்பியோனெல்லா. கைகள் குட்டையாக, மூன்று பக்கமும் சுருக்கம் வைத்த ஓரங்களோடு, நுனியில் சுருக்கமில்லாத ஒரு சின்னக் கூம்பில் முடிகின்றன. உங்கள் இரண்டாவது படத்தில் இடப்பக்கத்துக் கைகளில் இந்தக் கூம்பு தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பழுப்பும் ஓரங்களில்தான் தங்கியிருக்கிறது. பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டத்தின் பெயர், அது வரைக்கும் நான் தைரியமாகச் சொல்வேன்.

இனத்தின் பெயர் வேண்டுமென்றால் போட்டோ போதாது. க்ராம்பியோனெல்லாவில் ஒர்சினி, ஸ்டுல்மன்னி, அனண்டேலி என்று பெயர்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரிப்பதற்கு அந்த நுனிக் கூம்பு கையின் நீளத்தில் எவ்வளவு, குடைக்குள் கால்வாய்கள் எப்படிப் பின்னியிருக்கின்றன என்றெல்லாம் கையில் வைத்து அளக்க வேண்டும், இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள். மூன்று படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு சொல் லத்தீன் பெயரைத் தூக்கிக் கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள், நானாகவே இருந்தாலும்.

மூன்றாவது படத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. குடைக்கு அடியில் நாலைந்து சின்ன மீன்கள் ஒட்டிக்கொண்டு போகின்றன பாருங்கள், பாரைக் குஞ்சுகள் மாதிரித் தெரிகின்றன. பாரை வகை மீன்கள் குஞ்சாக இருக்கும்போது சொறியின் நிழலில் ஒதுங்குவது வழக்கம். பெரிய மீன் துரத்தினால் கைகளுக்குள் புகுந்துகொள்ளும், வளர்ந்ததும் விட்டுப் போய்விடும். மீன்களுக்குக் கொஞ்சம் மேலே, கைக்கொத்தின் உள்ளே வலது மூலையில் ஒன்று பதுங்கியிருக்கிறது. அதைக் குப்பை என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு நண்டுக் குஞ்சு. ஓடு பாதி மறைந்திருக்கிறது, கால்கள் மட்டும் வெள்ளையும் செம்பழுப்பும் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. சிலுவை நண்டின் குஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இனத்தின் குஞ்சுகள் சொறிகளின் மேல் ஏறிப் போவது பல கடல்களில் பதிவாகியிருக்கிறது. உங்கள் மாமாவுக்குச் சிலுவை நண்டைத் தெரியாமல் இருக்காது. சவேரியார் கடலில் தொலைத்த சிலுவையை நண்டு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது, அதனால்தான் ஓட்டில் சிலுவை விழுந்தது என்று நம் கரையில் கதை சொல்வார்கள். கதை நடந்த இடம் கிழக்கே மொலுக்காஸ் தீவுகள் என்றாலும், 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாடு குகையில் தங்கியவர் என்பதால் நம் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் கதையாகவே வைத்துக்கொண்டார்கள். அந்த நண்டு குழம்புக்கு வருகிற வயதுக்கு முன்னால் சொறியின் மேல் சவாரி போகிறது என்று மாமாவிடம் போட்டோவைக் காட்டுங்கள், நம்ப மாட்டார்.

மாமாவின் கூடங்குளம் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. கரையில் இருக்கிறவர்களுக்கு அந்த உலையைப் பற்றி எத்தனையோ நியாயமான கேள்விகள் உண்டு. ஆனால் இந்தச் சொறி விஷயத்தில் அவர் சொல்வது பொருந்தாது. ஒர்சினிக்கு 1888-லும், ஸ்டுல்மன்னிக்கு 1896-லும் விவரம் எழுதிவிட்டார்கள், அனண்டேலியை 1931-ல் ராவ் என்ற ஆய்வாளர் விவரித்தார். அந்தப் பெயர் 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேலின் பெயர். கூடங்குளத்தின் முதல் உலை ஓடத் தொடங்கியது 2013-ல். ஆக, க்ராம்பியோனெல்லா இந்தியப் பெருங்கடலுக்குப் புதிதாக வந்த விருந்தாளி இல்லை. உண்மையில் தொல்லை எதிர்ப்பக்கமாகவும் வரும். கல்பாக்கத்தில் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் இடத்தில் சொறிக் கூட்டம் வந்து வலையை அடைத்துக்கொள்வது பழைய தலைவலி, அதைப் பற்றி ஆய்வே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் மாமா ஏன் முன்னால் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்திருப்பார். வலையில் சிக்கி, மற்ற மீனோடு நசுங்கி, கொழகொழவென்று வழுக்கும் கட்டியாகப் பார்த்திருப்பார், எரிச்சலோடு அள்ளிக் கடலில் எறிந்திருப்பார். தண்ணீருக்குள் முழுசாக, கை விரித்து நீந்தும்போது அதைப் பார்க்க மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்கினால்தான் உண்டு. ஒரு வருஷம் கூட்டமாக வரும், அடுத்த வருஷம் தேடினாலும் கிடைக்காது, அதுவும் இந்த உயிரின் இயல்பு. பாறையிலும் சிப்பியிலும் ஒட்டிக்கொண்டு கடுகளவில் கிடக்கிற ஒரு பருவம் இவற்றுக்கு உண்டு, சமயம் வாய்க்கும்போது அதிலிருந்துதான் நீந்தும் குஞ்சுகள் பிரிந்து வருகின்றன. நாம் பார்ப்பது கதையின் பிற்பாதியை மட்டும். இதே க்ராம்பியோனெல்லாவை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி சீனா பக்கம் ஏற்றுமதி செய்கிறார்கள் என்பதையும் மாமாவிடம் சொல்லி வையுங்கள், அடுத்த தடவை எறிவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம்.

க்ராம்பியோனெல்லாவுக்கும் கொட்டும் செல்கள் உண்டு. தொட்டால் சிலருக்கு அரிக்கும், தோல் லேசாகச் சிவக்கும், பெரும்பாலும் அதோடு சரி. அதன் கைகள் குட்டை, விளிம்பில் இழை கிடையாது, ஆகவே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கோடாக ஒரு காயத்தை அதனால் போட முடியாது. உங்கள் கையின் போட்டோவில் இருப்பது கோடுகூட இல்லை, கிட்டத்தில் பார்த்தால் வரிசையாகக் கோத்த சின்னச் சின்னத் தடிப்புகள், நடுநடுவே இடைவெளி. அதோடு நீல நூல், தொட்டவுடனே எரிச்சல், கொஞ்ச நேரத்தில் அக்குளில் வலி. இந்த நான்கும் சேர்ந்தால் எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வருகிறது, ஃபிசேலியா. போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்று இங்கிலீஷில் சொல்வார்கள். அக்குள் வலிக்குக் காரணம் அங்கே இருக்கும் நிணநீர்க் கட்டிகள், கையில் ஏறின விஷத்துக்கு அவை வீங்கிக் காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நீங்கள் அதைப் பார்க்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஃபிசேலியா தண்ணீருக்கு மேலே மிதப்பது. நீலமும் ஊதாவுமாக ஒரு காற்றுப்பை, ஒரு கை நீளம்கூட இருக்காது, அதுதான் அதன் பாய். ஸ்நார்க்கல் போட்டவர் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். தன் தலைக்குப் பின்னால் பத்தடி தள்ளி மேலே என்ன மிதக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பையின் அடியிலிருந்து தொங்கும் நூல்கள் பல மீட்டர் நீளும், நன்றாக வளர்ந்ததில் 10 மீட்டருக்கு மேலும் போகும். பை ஓரிடத்தில், நூல் உங்கள் கையில். அலையில் பாறையில் மோதி அறுந்த நூலாகவும் இருந்திருக்கலாம். அறுந்து தனியாக மிதக்கிற நூலும், கரையில் செத்துக் கிடக்கிற பையின் நூலும் அதே போலக் கொட்டும்.

கடிதத்தின் நடுவில், முந்தின இரண்டு நாளும் கொண்டல் (கீழ்க்காற்று) விடாமல் அடித்தது, அதனால்தான் மூன்றாவது நாள் இறங்கினோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி போதும். ஃபிசேலியாவுக்கு நீந்தத் தெரியாது, காற்று தள்ளுகிற பக்கம் போகும். கரையைப் பார்த்துக் காற்றடித்தால் நடுக்கடலில் கிடப்பதெல்லாம் கரைக்கு வந்து சேரும். இன்னொரு வேடிக்கை, அது ஒரே உயிரும் இல்லை. மிதக்க ஒன்று, கொட்ட ஒன்று, செரிக்க ஒன்று, இனப்பெருக்கத்துக்கு ஒன்று என்று வேலை பிரித்துக்கொண்ட சின்ன உயிர்கள் ஒட்டி வாழும் ஒரு கூட்டுக்குடும்பம் அது. உலகம் முழுக்க ஒரே இனம் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2025-ல் வந்த மரபணு ஆய்வு அதை நாலு இனமாகப் பிரித்துவிட்டது. அந்த ஆய்வுக்கு, உங்களைப் போலக் கரையில் நடந்து போகிறவர்கள் எடுத்து, உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்ட ஆயிரக்கணக்கான போட்டோக்களையும் பார்த்திருக்கிறார்கள்.

நண்பரின் பாக்ஸ் ஜெல்லிக்கு ஒரு வார்த்தை. பெட்டிச் சொறிகள் தமிழ்நாட்டுக் கடலில் இல்லாமல் இல்லை, அதனால் அவர் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் போட்டோவில் இருப்பது அது இல்லவே இல்லை. பெட்டிச் சொறியின் குடை கண்ணாடி மாதிரி இருக்கும், வட்டமாக இல்லாமல் நாலு மூலையோடு இருக்கும், ஒவ்வொரு மூலையின் அடியிலும் ஒரு தடித்த காம்பு, இழைகள் அந்தக் காம்பிலிருந்து மட்டுமே தொங்கும். இருபத்து நாலு கண்கள் அதற்கு. மிதந்துகொண்டு போகாது, திசை பார்த்து விசையாக நீந்தும், தடங்கல் வந்தால் ஒதுங்கும். நீங்கள் பார்த்தது வட்டக் குடை, வெள்ளை, மெத்தனமான நடை. உங்கள் நண்பர் யூடியூபில் பார்த்தது ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் இருக்கும் கைரோனெக்ஸாகத்தான் இருக்கும், ஆளைக் கொல்லும் பேரெல்லாம் அதற்குத்தான்.

மாமா செய்த வைத்தியத்தை என்னால் சும்மா விட முடியாது. மாமா தப்பாக நினைக்க வேண்டாம், நம் கரை முழுக்க எல்லோரும் செய்வது இதுதான். அந்த நூலில் லட்சக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் விஷம் நிறைந்த ஒரு சுருள் ஊசி. தொட்டவுடனே எல்லாம் வெடித்துவிடுவதில்லை, பாதிக்கு மேல் வெடிக்காமல் தோலிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். மண்ணைப் போட்டுத் தேய்த்தால் அந்த அழுத்தத்தில் மிச்சமும் வெடிக்கும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாலும் அதே கதிதான், கடலின் உப்பில் பழகின செல் நல்ல தண்ணீர் பட்டதும் வெடிக்கும். மாமா கைவைத்த பிறகுதான் எரிச்சல் கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் மனம் நோகும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள், நான் பார்த்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உடனே தண்ணீரை விட்டு ஏறுங்கள், வலியில் நீந்தத் தடுமாறுவதுதான் முதல் ஆபத்து. கடல்நீரையே ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் நூலை இடுக்கியால் எடுங்கள், வெறும் கையால் உருவினால் விரலிலும் கொட்டும், சுரண்டவும் வேண்டாம். பிறகு சூட்டு நீர். கை பொறுக்கிற சூடு, 45 டிகிரி பக்கம், அதில் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல், வலி விடாவிட்டால் நாற்பது நிமிஷம் வரை கையை வைத்திருக்க வேண்டும். கொட்டாத கையால் சூட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் இருக்கிற கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். உவரியில் கரையை ஒட்டியே டீக்கடை இருக்கும், ஒரு வாளியில் வாங்கிக்கொள்ளலாம். வினிகர் ஊற்றச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெட்டிச் சொறிக்கு அது நல்ல மருந்து, ஆனால் எல்லாச் சொறிக்கும் ஒத்து வராது, சிலவற்றில் வெடிக்காத செல்லையும் அது வெடிக்க வைக்கும். கொட்டியது எது என்று தெரியாதபோது கடல்நீரும் சூட்டு நீரும் போதும். மூத்திரம், சுண்ணாம்பு, டீசல் எதுவும் வேண்டாம். மூச்சு இழுத்தால், நெஞ்சு அடைத்தால், முகமோ தொண்டையோ வீங்கினால், விடாமல் வாந்தி வந்தால் வாளியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் சூட்டு நீரை நம்பி உட்காருவது தப்பு.

உங்கள் கையில் இப்போது பழுப்புக் கோடு நிற்கிறது, லேசாக அரிக்கிறது என்கிறீர்கள். அது வாரக்கணக்கில் நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கில். மறைந்த இடத்திலேயே திரும்பத் தடித்தாலோ, நீர் கோத்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள், சொறி கொட்டியது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் படர்தாமரைக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார்.

அடுத்த தடவை போட்டோ எடுப்பதாக இருந்தால் அழகான படம் வேண்டாம், உபயோகமான படம் வேண்டும். மேலேயிருந்து ஒன்று, பக்கவாட்டில் விளிம்பு தெரியும்படி ஒன்று, முடிந்தால் அடியிலிருந்து ஒன்று. அடியிலிருந்து எடுப்பதற்காக அதன் கீழே போக வேண்டாம், தள்ளி நின்று போனை மட்டும் தாழ்த்திக் கொடுங்கள். ஒரு சின்ன வீடியோ பத்து போட்டோவுக்குச் சமம், எப்படித் துடிக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று அதில்தான் தெரியும். தேதி, இடம், ஆழம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா, ஒன்றா கூட்டமா, இதையும் போனிலேயே குறித்துவிடுங்கள். இப்போது எடுத்த மூன்றையும் ஐநேச்சுரலிஸ்டில் போடுங்கள், க்ராம்பியோனெல்லா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்டுக்குத் தனியாக ஒரு பதிவு போடுங்கள். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் காட்டலாம். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற யோசனை வேண்டாம், திசையன்விளை தாண்டுவதற்குள் கூழாகிவிடும். தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தீவுகளில் இதைவிட நல்ல பவளப்பாறை இருக்கிறது என்று யாராவது படகில் கூப்பிட்டால் போகாதீர்கள். அங்கிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்கினால் வனத்துறை பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம். வெள்ளி, சனி இரண்டு நாளும் காற்றைப் பாருங்கள். கரையைப் பார்த்து அடித்திருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள், வேறு வாரம் போகலாம். காற்று அடங்கியிருந்தாலும் இறங்குவதற்கு முன்னால் அலை வந்து விட்டுப் போன ஈரக் கோட்டை ஒட்டி நூறு அடி நடந்து பாருங்கள். நீலப் பை ஒன்று கிடந்தாலும் அன்றைக்குக் குளியல் கிடையாது, அதைப் பிள்ளைகள் பலூன் என்று மிதிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டணா அளவில் நீல வட்டங்கள் கிடந்தால் அது போர்ப்பிடா, அவ்வளவு கொட்டாது, ஆனால் அதுவும் காற்றில் வருவதுதான், அது வந்த காற்றிலேயே மற்றதும் வந்திருக்கும். ஒன்றும் இல்லையென்றால் இறங்கட்டும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள், மெல்லிய துணி போதும், அந்த ஊசி துணியைத் தாண்டித் தோலை எட்டுவது கஷ்டம். படகில் ஒரு பிளாஸ்கில் சூட்டு நீரும் ஒரு இடுக்கியும் இருக்கட்டும்.